சாதம் வேகாததற்குக் கைப்பக்குவம் காரணமில்லை

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகிறது. ஊர் விருதுநகர் பக்கம். கணவருக்கு மத்திய அரசு வேலை. செப்டம்பரில் லடாக்கில் இருக்கும் லே-வுக்கு மாற்றல் வந்தது; நானும் கூடவே வந்துவிட்டேன். குவார்ட்டர்ஸ் என்று பெயர், இருப்பது ஒரே அறை. கட்டில் போட்டது போக ஒரு சமையல் மேடையும், ஒரு ஆள் நிற்கிற இடமும்தான் மிச்சம். ஊரிலிருந்து கொண்டுவந்த புழுங்கலரிசியை எத்தனை விசில் விட்டாலும் நடுவில் அரிசியாகவே நிற்கிறது. குக்கர் காஸ்கெட் தளர்ந்துபோனதால் போன வாரம் ராஜ்மாவை வெறும் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வேகவைத்தேன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் வாந்தி. இட்லி மாவு இரண்டு நாளானாலும் அசைவதில்லை. காலையில் கேஸ் சரியாக எரிவதில்லை. அத்தையிடம் போனில் சொன்னால், "உனக்கு இன்னும் கைப்பக்குவம் வரவில்லை" என்கிறார். ஜூன் மாதம் வந்து ஒரு மாதம் தங்கிக் கற்றுக்கொடுக்கப் போகிறாராம். அவருக்கு 66 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். குளிர் தாங்காமல் ஜன்னல், கதவு இடுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, புகாரி (அறையைச் சூடாக்கும் இரும்பு அடுப்பு) எரியவிட்டுத்தான் தூங்குகிறோம். அப்படியும் காலையில் தலைவலியோடு எழுந்திருக்கிறோம். பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று இருக்கிறது.
— பெயர் வேண்டாம், லே

மனையியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி சமையல். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் விஷயம். டேப், புகாரி, காலைத் தலைவலி. சாதம் வேகாவிட்டால் ஒரு வேளை ரொட்டி சாப்பிட்டுக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு மாற்று கிடையாது. எனவே இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே எழுந்து போய் அந்த டேப்பைப் பிரித்துவிடுங்கள்.

புகாரியில் விறகோ, கரியோ, மண்ணெண்ணெயோ எது எரிந்தாலும், காற்று போதாத இடத்தில் அது கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகை கண்ணில் படாவிட்டாலும் அது அறையில் இருக்கலாம். ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூச்சில் கிடைக்கிற பிராணவாயுவே கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதிலும் இது பங்கு கேட்டால் உடம்பு என்ன செய்யும்?

லே-வில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. புதிதாக வருகிற எல்லோருக்கும் தலைவலி, குமட்டல் வரும் என்பதால், எந்தத் தலைவலி வந்தாலும் 'உயரம் ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் உயரத்தால் வரும் தலைவலி பெரும்பாலும் முதல் சில நாட்களில் அடங்கிவிடும். நீங்கள் போய் மாதக்கணக்கில் ஆகிறது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, அதுவும் மூடிய அறையில் தூங்கி எழுந்த பிறகுதான் வருகிறது. வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்ததும் தெளிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், அறைக் காற்றுதான் காரணம். தெளியவில்லை என்றாலும் சரி, லே-வில் உள்ள சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்குப் போய், 'இரவெல்லாம் புகாரி எரிகிற அறையில் தூங்குகிறோம்' என்பதை மறக்காமல் சொல்லிக் காட்டிக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாவிட்டால் டாக்டரும் உயரத்தையே குறை சொல்ல வாய்ப்பிருக்கிறது.

இனி இரவில் புகாரி எரியக் கூடாது. படுப்பதற்கு முன்பே முழுக்க அணைந்திருக்க வேண்டும். அதன் குழாய் கூரைக்கு மேல் வெளியே போகிறதா, இணைப்புகளில் இடைவெளி இருக்கிறதா, உள்ளே கரி அடைத்திருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் உங்கள் கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னலின் மேல்பக்கம் நான்கு விரல் அளவு எப்போதும் திறந்திருக்கட்டும். கதவின் அடி இடுக்கையும் அடைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். அது வெளியேறக் கீழே வழி வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று பேட்டரியில் ஓடும் சிறு கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. மிக்ஸிக்கு முன்னால் அதை வாங்குங்கள் என்பேன்.

குளிருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அறையைச் சூடாக்குவதை விட்டுப் படுக்கையைச் சூடாக்குங்கள். படுக்கப் போவதற்குக் கால் மணி நேரம் முன்பு வெந்நீர்ப் பை இரண்டைப் போர்வைக்குள் வைத்துவிட்டால் போதும். பகலில் தெற்குப் பார்த்த ஜன்னலில் வெயில் முழுக்க உள்ளே வரட்டும், சூரியன் இறங்கியதும் கனமான திரையை இழுத்துவிடுங்கள். இரவுக்கு ஹீட்டர் வேண்டும் என்றால் எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் மட்டும். சிலிண்டரில் எரியும் ஹீட்டர் வேண்டாம், புகாரிக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

சரி, சாதத்துக்கு வருவோம்.

உங்கள் அத்தையிடம் ஒரு விஷயத்தைத் தைரியமாகச் சொல்லலாம். விருதுநகரில் தண்ணீர் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. லே-வில் காற்றழுத்தம் குறைவு, அதனால் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் அடுப்பை எவ்வளவு ஏற்றினாலும் தண்ணீர் ஆவியாகிப் போகுமே தவிர, சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. வெறும் பாத்திரத்தில் வடித்தால் இரண்டு மடங்கு நேரமானாலும் அரிசி நடுவில் நறுக்கென்றுதான் இருக்கும். நாற்பது வருடம் சமைத்த கையாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

குக்கர் இருக்கிறதே என்றால், அங்கேயும் மலை கை வைக்கிறது. குக்கரின் வெயிட் தூக்குவது, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறிப்பிட்ட அளவு கூடும்போது. வெளி அழுத்தமே குறைவாக இருக்கும் இடத்தில் உள்ளே மொத்த அழுத்தமும் குறைவாகவே இருக்கும். கீழே 121 டிகிரியில் விசில் அடிக்கும் குக்கர், லே-வில் சுமார் 115-லேயே அடித்துவிடும். விசில் சத்தம் அதேதான், உள்ளே இருக்கும் சூடு வேறு. ஆகவே லே-வில் இருக்கும்வரை விசில் எண்ணுவதை விட்டுவிடுங்கள். முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஊரில் ஆகும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று கணக்கு. நேரடியாகக் குக்கரில் வைக்கும் பச்சரிசிக்கு ஊரில் ஐந்து நிமிடம் என்றால் அங்கே எட்டு. துவரம்பருப்புக்குப் பன்னிரண்டு என்றால் பதினெட்டு.

புழுங்கலரிசி ஏற்கெனவே அவித்துக் காய வைத்த அரிசி, இறுகிப் போயிருக்கும்; ஊரிலேயே அது பச்சரிசியைவிட மெதுவாகத்தான் வேகும். விட மனமில்லை என்றால் ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறப்போடுங்கள். அன்றாடத்துக்கு மெல்லிய பச்சரிசியோ பாஸ்மதியோ போதும். பருப்பு, கொண்டைக்கடலை வகைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. அகலமான வாயுள்ள ஃப்ளாஸ்கில் இரவே கழுவிப் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி மூடிவிடுங்கள். குளிர்ந்த அறையில் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்தால் கடலை விடிந்தாலும் கல்லாகத்தான் கிடக்கும். ஃப்ளாஸ்கில் போட்டது காலையில் நன்றாக ஊறி, விரலால் அழுத்தினால் பிளந்துவிடும்.

ஒரு சமையல் மேடை, ஒரே ஆள் நிற்கும் இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுக்குப் பாத்திரம் வைத்த குக்கர்தான் சரி. அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர். கீழ் அடுக்கில் ஊறிய பருப்போடு மஞ்சள்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும். நடு அடுக்கில் அரிசியும் அதற்கான தண்ணீரும். மேல் தட்டில் உருளைக்கிழங்கோ டர்னிப்போ, பெரிய துண்டாக நறுக்கியது. நிறைய நேரம் வேக வேண்டியது கீழே, குறைவானது மேலே. முதல் விசிலுக்கு அப்புறம் சிம்மில் இருபது நிமிடம். அணைத்து, குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி, பழைய கம்பளியால் நன்றாகச் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, மிச்ச வேலையை அதுவே முடித்துவிடும். நீங்கள் பருப்பைக் கடைந்து தாளித்தால் சாப்பாடு தயார். கேஸும் மிச்சம், கழுவுகிற பாத்திரமும் குறைவு. தண்ணீர்க் குழாய் உறைகிற ஊரில் இரண்டாவது விஷயம் சின்னதல்ல.

ராஜ்மாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வந்த வாந்தி ஒவ்வாமையாகவோ, ராஜ்மா பழசாக இருந்ததாலோ வந்திருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் பொருள் இயற்கையாகவே அதிகம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, 100 டிகிரியில் நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் அது அழியும். 80 டிகிரி வாக்கில் மெதுவாக வேகவைத்தால் அழிவதற்குப் பதிலாக வீரியம் கூடவும் செய்யும். லே-வில் வெறும் பாத்திரம் 88-ஐத் தாண்டாது என்று பார்த்தோமே. பார்க்க வெந்த மாதிரி இருக்கும், உள்ளே நச்சு முழுக்க அழியாமல் இருக்கும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வரும். நீங்கள் சொன்ன நேரம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. இனி ராஜ்மா என்றால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில், குக்கரில் மட்டும், முதல் விசிலுக்குப் பிறகு அரை மணி நேரம். குக்கர் ரிப்பேராக இருக்கும் நாளில் ராஜ்மா கிடையாது. துவரம்பருப்பு, பாசிப்பருப்புக்கு இந்தப் பயம் இல்லை.

இதே காரணத்தால் குடிதண்ணீரையும், கொதி வந்ததும் இறக்காமல், மேலும் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் வசிப்பவர்களுக்கு அதுதான் அளவு. பால் சீக்கிரமே பொங்கி வழியும், பக்கத்தில் நிற்க வேண்டும். ஆனால் பாலில் உள்ள கிருமிக்கு 72 டிகிரியே போதும் என்பதால் கவலை இல்லை. ஃபில்டர் காபிக்கு மலையால் பெரிய தொந்தரவு கிடையாது, டிக்காஷன் இறங்கும். டீ மட்டும் சப்பென்று இருக்கும், தூளோடு சேர்த்து இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்க விடுங்கள்.

அடுத்து மாவு. இதில் உயரத்துக்குப் பங்கு இல்லை, குற்றவாளி குளிர்தான். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28, 30 டிகிரி வேண்டும். பத்து டிகிரி அறையில் அவை தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஐஸ் வைத்து எடுத்துப் போகும் தெர்மோகோல் பெட்டியோ பிளாஸ்டிக் பெட்டியோ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் உளுந்தை ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரிலேயே அரைத்து, கையால் கரைத்து, பாத்திரத்தோடு பெட்டிக்குள் வையுங்கள். இரண்டு பக்கமும் வெந்நீர் ஊற்றிய பாட்டில் ஒவ்வொன்று. பாட்டில் மாவுப் பாத்திரத்தை ஒட்டாமல் நடுவில் ஒரு துணி. படுக்கும்முன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை வெந்நீரை மாற்றுங்கள். அரைக்கும்போது ஒரு ஸ்பூன் வெந்தயம் சேர்ந்திருந்தால் நல்லது. ஊரில் எட்டு மணி நேரம் என்றால் அங்கே பதினாறு, பதினெட்டு ஆகலாம். ஒன்று கவனியுங்கள்: அழுத்தம் குறைந்த இடத்தில் அதே காற்றுக் குமிழி பெரிதாக விரியும். மாவு ஏறியிருப்பதை மட்டும் பார்த்துப் புளித்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள், மணத்தைப் பாருங்கள்.

இவ்வளவு செய்தாலும் குளிர்காலத்தில் இட்லி உங்களைச் சோதிக்கும். நீராவியும் 88 டிகிரிதான், பத்து நிமிட இட்லிக்கு இருபது நிமிடம் ஆகும். என் யோசனை, மே மாதம்வரை இட்லியை மறந்துவிட்டுத் தோசைக் கல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலையின் சட்டமெல்லாம் தண்ணீரில் வேகிறதற்குத்தான். இரும்புக் கல்லின் சூட்டைக் காற்றழுத்தம் ஒன்றும் செய்ய முடியாது. தோசை, அடை, ஊத்தப்பம், சப்பாத்தி எல்லாம் விருதுநகரில் வருகிற மாதிரியே வரும். அடைக்குப் புளிக்கவே வேண்டாம். அவல், சேமியா, வறுத்த ரவை இவையும் சீக்கிரம் பதமாகிவிடும். வடை, பஜ்ஜி மட்டும் தீயைக் குறைத்துப் போடுங்கள். உள்ளே ஈரம் 88 டிகிரியிலேயே ஆவியாவதால் உள்பக்கம் மெதுவாக வேகும், அதற்குள் மேலே கருத்துவிடும். அதோடு கட்டிலுக்குப் பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி வைப்பதை நான் ரசிக்கமாட்டேன். வடை சாப்பிடத் தோன்றும் நாளில் வெளியே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

கேஸ் முனகுவதற்கும் குளிர்தான் காரணம். சமையல் கேஸில் பியூட்டேன், புரோபேன் இரண்டும் கலந்திருக்கும். புரோபேன் கடுங்குளிரிலும் ஆவியாகும். பியூட்டேனோ உறைநிலையை நெருங்கும்போதே அழுத்தம் போய்த் திரவமாகவே கிடந்துவிடும். அதிலும் முதலில் புரோபேன் செலவாகி, பியூட்டேன் அடியில் தங்கும். அதனால்தான் சிலிண்டரைத் தூக்கினால் கனமாக இருக்கும், அடுப்பு எரியாது. சிலிண்டரை வெறும் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் நிமிர்த்தி வையுங்கள். புகாரியிலிருந்து தள்ளி இருக்கட்டும். வெந்நீர் ஊற்றுவது, தீ காட்டுவது, ஹீட்டரை அதன் பக்கம் திருப்பி வைப்பது எதுவும் கூடாது. யாராவது பழகியவர் சொன்னாலும் கூடாது.

காலை நேரத்துக்கு ஓர் இண்டக்ஷன் அடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகரிலிருந்து வரும் மின்தடம் 2019-இல் திறக்கப்பட்டதும் லே தேசிய மின்கட்டமைப்போடு சேர்ந்துவிட்டது. அடுப்பு 2,000 வாட் இழுக்கும், அதனால் பெரிய 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கிறதா, ஒயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். கரண்ட் போனால் கேஸ், கேஸ் முனகினால் கரண்ட். ஒரே அறையில் நெருப்பில்லாத அடுப்பு ஒன்று இருப்பது, முதலில் சொன்ன காற்று விஷயத்துக்கும் நல்லது.

அறை சின்னது என்பதற்கு நான் சொல்லக்கூடியது குறைவு. பாத்திரம் நான்கு போதும்: மூன்று லிட்டர் குக்கர், இரும்புத் தோசைக்கல், ஒரு வாணலி, பால் காய்ச்ச உயரமான ஒரு பாத்திரம். மற்றதைப் பெட்டியில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். தாளிக்கிற புகை கம்பளியில் ஏறினால் வசந்தம் வரும்வரை போகாது. அதனால் தினமும் தாளிக்காமல், ஊரிலிருந்து தாளிப்பு வடகம் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு உருண்டை உதிர்த்துப் போட்டால் குழம்பு மணக்கும். வாரத்தில் ஒருநாள், மத்தியான வெயிலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, புளிக்காய்ச்சலோ தக்காளித் தொக்கோ மொத்தமாகக் கிளறி வைத்துவிடுங்கள். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி ஊரிலிருந்து வரட்டும். பார்சல் வந்ததும் பாக்கெட்டெல்லாம் பலூன் மாதிரி உப்பியிருக்கும். பயப்பட வேண்டாம், கெட்டுப்போகவில்லை, கீழே அடைத்த காற்று மேலே விரிந்திருக்கிறது. ஊறுகாய் பாட்டிலை மட்டும் மூடியை மெதுவாகத் திருகித் திறங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே தெறிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், அங்கே அது வேலைக்காகாது. கடுகெண்ணெய்க்குப் பழகிக்கொள்ளுங்கள்.

தண்ணீரை மத்தியானம் பிடித்து, அறைக்குள்ளேயே டிரம்மில் வையுங்கள். வெளியே வைக்கிற குடத்தை முழுக்க நிரப்பாதீர்கள், உறைந்தால் விரிந்து பிளந்துவிடும். எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுவதற்கு முன்னால் செய்தித்தாளால் துடைத்துவிட்டால் பாதித் தண்ணீர் மிச்சம்.

ஒன்று உரிமையோடு சொல்கிறேன். நம்மூர்ச் சாப்பாட்டை மட்டுமே அந்த அறையில் நிறுத்திப்பிடிக்க முயற்சி செய்தால் தினமும் தோற்ற மாதிரியே இருக்கும். அந்த உயரத்துக்கும் குளிருக்கும் ஏற்ற சமையலை லடாக்கிகள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். துக்பா என்கிற நூடுல்ஸ் சூப், ஸ்கியூ இரண்டும் ஒரே பாத்திரத்தில் முடிகிற சமையல். ஸ்கியூவுக்குக் கோதுமை மாவைப் பிசைந்து, சின்னச் சின்னதாகக் கிள்ளிக் கட்டைவிரலால் அமுக்கி, டர்னிப், கேரட், உருளைக்கிழங்கோடு குழம்பில் வேகவிடுவார்கள். மாவு மெல்லியதாக இருப்பதால் 88 டிகிரியிலும் வெந்துவிடும். அதில் நீங்கள் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? வறுத்த பார்லி மாவு கிடைக்கும், அது ஏற்கெனவே வெந்தது, கஞ்சி கரைக்க அடுப்பு பற்ற வைக்கவே வேண்டாம். பனிக்காலத்தில் ஸ்ரீநகரிலிருந்து வரும் ஸோஜி லா மலைப்பாதை மூடிவிட்டால் வெளியூர்க் காய்கறி விமானத்தில்தான் வரும். அந்த மாதங்களில், மண்ணுக்கு அடியில் குழி எடுத்துச் சேமித்த கேரட், முட்டைக்கோஸ், டர்னிப், உருளைக்கிழங்கைத்தான் அவர்கள் நம்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் 'ஜூலே' (லடாக்கி மொழியில் வணக்கம்) சொல்லிக் கொஞ்சம் தாளிப்பு வடகம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். ஸ்கியூ செய்யவும் கற்றுக்கொள்ளலாம், காலை ஒன்பதிலிருந்து கணவர் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதும் குறையும். கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது.

அத்தை வருகிற விஷயம். வரவேண்டாம் என்று நீங்கள் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். உங்கள் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள்: டிக்கெட் எடுப்பதற்கு முன் தன் டாக்டரிடம் அத்தை போய், இதயப் பரிசோதனை செய்துகொண்டு, 3,500 மீட்டர் உயரத்துக்குப் போகலாமா, பிரஷர் மாத்திரையில் மாற்றம் வேண்டுமா என்று கேட்டாக வேண்டும். டாக்டர் சரி என்றால், விமானத்தில் வந்து இறங்கிய முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. வந்த கையோடு சமையல் மேடைக்குப் போகக் கூடாது; இது நீங்கள் சொன்னதாக இல்லாமல் மகன் சொன்னதாகவே இருக்கட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காலையில் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். உடம்பு ஒத்துக்கொண்டுவிட்டால் மூன்றாம் நாள் அவர் கையாலேயே ஒரு படி அரிசி வடிக்கச் சொல்லுங்கள். கைப்பக்குவப் பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பலாமா என்று கேட்டீர்கள். சாதத்துக்காகவும் இட்லிக்காகவும் திரும்ப வேண்டாம். ஆனால் புகாரிக் குழாயைச் சரிசெய்ய முடியாது, ஜன்னலைத் திறந்து வைக்கவும் வழியில்லை என்று தெரிந்தால், குவார்ட்டர்ஸை மாற்றித் தரச் சொல்லி உங்கள் கணவர் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுக்கட்டும். வேறு அறை கிடைக்கும்வரை குளிர் மாதங்களில் நீங்கள் ஊரில் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்போதும் அவர் தனியாக அந்த அறையில் புகாரி எரியவிட்டுத் தூங்கக் கூடாது.

அடுத்த பார்சலில் உங்கள் குக்கர் கம்பெனி, லிட்டர் அளவு சொல்லி காஸ்கெட் இரண்டும் சேஃப்டி வால்வு ஒன்றும் வரவழைத்துக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரச் சமையல் எடுபடாத ஊரில் உங்களுக்கு இருக்கும் ஒரே குக்கர் அது. கழுவியதும் காஸ்கெட்டைக் கழற்றித் துடைத்து அறைக்குள்ளேயே வையுங்கள். குளிரில் போட்டால் ரப்பர் விறைத்துப்போகும்.

அன்புடன்,
மனையியல் ஆலோசகர்